திறந்து கிடந்த வேலிக் கதவு

லிட்டில் இந்தியாவில் மூட்டை தூக்கும் வேலை போனதும், பத்து காவான் என்ற ஊரில் மாடு வளர்க்கும் ஓர் அக்காவிடம் சேர்ந்தேன். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பேத்தி அவர். தோட்டம் தொழிற்சாலையான பிறகும் மாடுகளை விடவில்லை.

முதல் நாள் காலை மேய்ச்சல் வேலியின் கதவு திறந்து கிடந்தது. நல்லது செய்வதாக நினைத்துச் சாத்தினேன். மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டை வெளியே இருந்தது எனக்குத் தெரியாது. மத்தியானம் ஒரு சினைமாடு வெயில் தாங்காமல் விழுந்துவிட்டது.

அக்கா அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மீசை நரைத்த தன் தம்பியைத் திட்டினார்.

"போனப் பாத்துக்கிட்டே கேட்டைச் சாத்திருப்ப!"

"நான் தொடவே இல்லக்கா!"

"பொய் சொல்லாத லா!"

தப்பு செய்தால் சொல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்புவது என் வழக்கம். அன்று அந்த மனிதர் தலைகுனிந்து நின்றதைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, நான்தான் சாத்தினேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்ப ஏன் நிக்கிறீங்க? தலையைப் பிடிங்கண்ணே, எழுப்பணும்."

மாடு எழுந்து நிற்கச் சாயங்காலமாகிவிட்டது. சாப்பிடும்போது அக்கா தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; பெரிய மீன்துண்டை அவர் தட்டில் வைத்தார். எனக்கும் ஒன்று வைத்தார்.

நான் சொல்லாமல் கிளம்பிய ஊர்களில் எல்லாம் எனக்காக யார் திட்டு வாங்கியிருப்பார்கள் என்று அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன்.