காமிராவுக்கு வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டில் ஒரு பிலிம் ரோலை ஒரு பொங்கலுக்குப் போட்டால் அடுத்த பொங்கலுக்குத்தான் எடுப்போம். முப்பத்தாறு படத்தையும் அப்பா அவ்வளவு சிக்கனமாகச் செலவு செய்வார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சாக்பீஸை நகம் கரும்பலகையில் உரசும் வரைக்கும் விடாதவர். எங்களை வெயிலைப் பார்த்து நிறுத்தி வைத்து, ஒரு கண்ணை மூடி, ஏதோ சரியில்லை என்று காமிராவை இறக்கி, மறுபடி தூக்கி, அவர் பொத்தானை அமுக்குவதற்குள் எங்கள் முகத்தில் இருந்ததெல்லாம் வற்றிப்போயிருக்கும். ஆல்பத்தைப் புரட்டினால் எல்லா விசேஷத்திலும் நாங்கள் துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் மாதிரியே நிற்போம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான், பிலிமே இல்லாத ஒரு காமிராவோடு மாமா வந்து இறங்கினார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் கல்லிடைக்குறிச்சியில் பாவாடை சட்டையோடு ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாமா அம்மாவின் ஒரே தம்பி. கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனவர், மூன்று வருஷம் கழித்து நவராத்திரி லீவில் வந்திருந்தார். அவர் கொண்டுவந்த காமிரா செங்கல் அளவு இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு கதவு. கதவைத் திறந்து ஒரு பிளாப்பியைச் செருக வேண்டும். பொத்தானை அமுக்கினால் உள்ளே கர்ர்ர் என்று அரைக்கிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் இருக்கும் சின்னத் திரையில் படம் வந்துவிடும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கும்பிடாத குறையாக உள்ளே போகும் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் மட்டும்தான் நான் பிளாப்பியைப் பார்த்திருந்தேன். அது படமும் பிடிக்கும் என்பது எனக்குப் புதிது.

அப்பாவால் நம்ப முடியவில்லை. கழுவாமல் படம் எப்படி வரும் என்று கேட்டார். வந்த படத்தைக் காட்டியதும், இது டி.வி. மாதிரி ஒரு வேடிக்கை, படம் என்றால் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மாமா ஒரே நாளில் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டு, மறுநாளே சிநேகிதர்களைப் பார்க்க பெங்களூர் கிளம்பினார். விஜயதசமி மதியம் திரும்பி வந்து, அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிடுவதாகத் திட்டம். போகும்போது காமிராவை என் கையில் வைத்தார்.

"ஒரு பிளாப்பியில இருபது படம். பிடிக்கலைன்னா அழிச்சிட்டு மறுபடி எடு. எனக்கு ஒரே ஒரு படம் போதும். அக்கா சிரிக்கணும். எடுத்துட்டேன்னா இந்தக் காமிரா உனக்கு."

இவ்வளவு பெரிய பொருளை இவ்வளவு சின்ன வேலைக்குக் கொடுக்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சிரிப்பதற்கு என்ன பஞ்சம்? அடுப்படியில், கிணற்றடியில், காய் வாங்கும்போது என்று நாள் முழுக்கச் சிரிப்பவள். ஆனால் அம்மாவுக்கு ஒரு தெற்றுப்பல் உண்டு. சிரிப்பு வந்தால் கூடவே கையும் வாய்க்கு வந்துவிடும். காமிராவைக் கண்டால் உதட்டைப் பூட்டிச் சாவியைத் தூர எறிந்துவிடுவாள். கல்யாணப் போட்டோவிலேயே மாப்பிள்ளை மேல் வழக்குப் போட்டவள் மாதிரிதான் நிற்பாள்.

நான் எடுத்த முதல் படம் என் கட்டைவிரல். இரண்டாவது, அப்பாவின் தலையில்லாத உடம்பு. மூன்றாவதில் அம்மா இருந்தாள், ஆனால் நான் பொத்தானை அமுக்கும்போது மூச்சையும் சேர்த்து விட்டதால் அம்மாவுக்கு நாலு கண் விழுந்திருந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், மூச்சைப் பிடிக்க வேண்டும், வெயில் நம் முதுகில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு படமாகக் கெட்டுத்தான் தெரிந்தது. அப்பாவின் காமிராவாக இருந்தால் அதற்குள் ஒரு வருஷத்து பிலிமையும் தீர்த்து, முதுகில் இரண்டு வாங்கியிருப்பேன். இங்கே கெட்டால் ஒரு பொத்தான், அவ்வளவுதான். தப்புச் செய்ய அனுமதி கிடைத்த அந்த நாலு நாள் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

ஆனால் பெரிய பாடத்தை ஆற்றங்கரையில்தான் படித்தேன். படித்துறை மண்டபத்தின் மேலிருந்து பையன்கள் ஆற்றில் குதிப்பார்கள். குதிக்கிற நேரத்தில் அமுக்கினால் படத்தில் பையன் இருக்க மாட்டான், தெறித்த தண்ணீர் மட்டும் இருக்கும். காமிராவுக்கு யோசிக்க ஒரு நொடி வேண்டியிருந்தது. ஏழெட்டுத் தரம் தண்ணீரையே எடுத்த பிறகு, குதிக்கப்போகிறவன் முதலில் முழங்காலை மடக்குகிறான் என்பதைக் கவனித்தேன். மடக்கும்போதே அமுக்கினேன். ஒரு பையன் கையை விரித்துக்கொண்டு ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்றான். நான் அங்கேயே துள்ளிக் குதித்தேன். குதித்த குதியில் காமிராவின் கண்ணை மூடும் மூடி கழன்று தாமிரபரணியோடு போய்விட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் தெருவெல்லாம் செய்தி பரவிவிட்டது. எடுத்த உடனே முகத்தைக் காட்டும் காமிரா என்றால் சும்மாவா? ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எடுத்துக்கொள்ள எல்லாருக்கும் ஆசை, வந்த படம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பெரியப்பா தன் வழுக்கையைப் பார்த்துவிட்டு, இது தன் தலையே இல்லை, அழி என்றார். அத்தை தன் மூக்குத்தி டாலடிக்கவில்லை என்று மூன்று தரம் அழிக்கச் சொல்லி, நாலாவதில் மூக்குத்தி டாலடித்ததும் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று அதையும் அழிக்கச் சொன்னாள். நூறு படத்துக்கு மேல் எடுத்திருப்பேன். பொழுது சாய்ந்தால் பிளாப்பியில் ஒரு மாடும் ஆற்றில் குதித்த பையனும் மிஞ்சுவார்கள். அவர்கள் இருவரும்தான் தங்கள் அழகைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்.

அம்மா எல்லாரையும் மிஞ்சினாள். ஒளிந்து நின்று எடுத்தாலும் அந்தக் கர்ர்ர் சத்தம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்ப்பாள். பாதி கை மறைத்த சிரிப்பில் பல் நுனி தெரிந்தால்கூடப் போதும், "அழிச்சிரு ளா" என்பாள். நான் அழிக்கும் வரைக்கும் நகர மாட்டாள். மாமாவுக்காக என்று கெஞ்சியும் பார்த்தேன். இந்தப் பல்லைப் பார்க்கவா அவன் கப்பலேறிப் போனான் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு இன்னும் ஒரு முழு நாள் பாக்கி இருந்தது, சரஸ்வதி பூசை அன்று. கொழுக்கட்டையும் சுண்டலுமாக அம்மா நல்ல குஷியில் இருப்பாள், எப்படியும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் காமிராவைக் காணோம். பூசை மணைப்பலகையில், என் புத்தகங்களுக்கும் அம்மாவின் அரிவாள்மணைக்கும் நடுவில் அது கொலுவிருந்தது. அப்பா அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். அவர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். சைக்கிளுக்கு ஹேண்டில்பாரில், அரிவாள்மணைக்கு நெற்றியில் என்று ஒவ்வொன்றுக்கும் பிரதானமான இடத்தில் வைப்பார். காமிராவுக்குப் பிரதானம் கண்தானே. கண்ணின் நட்ட நடுவில், மூடி போன இடத்தில், கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு.

பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் தொடக்கூடாது. வழக்கமாகப் புத்தகத்தைத் தொடாமல் இருக்க ஒரு சாக்கு என்று நான் கொண்டாடும் நாள் அது. அந்த வருஷம் மட்டும் பூசையறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்று பார்த்து அம்மா காலையிலிருந்து எத்தனை தரம் சிரித்தாள் என்று எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சிரிப்பும் என் காமிராவைக் கொண்டுபோவது போல இருந்தது. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு நாள் பொறுத்தால் சரஸ்வதியே வந்து படம் எடுத்துத் தருவாள் என்று தேற்றினார்.

விஜயதசமி காலையில் தீபாராதனை முடிந்ததும் நான் முதலில் பாய்ந்து எடுத்தது காமிராவைத்தான். கண்ணில் இருந்த பொட்டைப் பாவாடை நுனியால் அவசரமாகத் துடைத்தேன். துடைத்தேன் என்று நினைத்தேன். காய்ந்த சந்தனம் கண் முழுக்க ஈஷிக்கொண்டது எனக்குத் தெரியாது.

வாசலில் அப்பாவின் சைக்கிள் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருவார்கள், அப்பா நேரத்தோடு போக வேண்டும். புது வேட்டி, விபூதிப் பட்டை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். அம்மா ஒரு கையில் சூடத்தட்டும் மறு கையில் தண்ணீர்ச் சொம்புமாக நின்றாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, ஏறி, ஒரு மிதி மிதித்தார். பழம் நசுங்கவில்லை. உருண்டது. சைக்கிள் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் பிரிந்தார்கள். எதிர்வீட்டு வேன்காரர் முந்தின நாள் சாயங்காலம் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு தெருவில் கிடந்தது. அப்பா ஓர் அவசரமும் இல்லாமல், பந்தியில் உட்காருகிறவரைப் போல அதன்மேல் உட்கார்ந்தார். அடி ஒன்றும் படவில்லை. வேட்டி மட்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

அப்பா உட்கார்ந்தபடியே சக்கரத்தைப் பார்த்தார்.

"பழம் நசுங்கிட்டா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது. முழங்கால் மடங்கிவிட்டது, இனி குதிப்புதான் என்று என் விரலுக்குத் தெரிந்தது. முழங்கையை விலாவில் ஒட்டினேன், மூச்சைப் பிடித்தேன், அமுக்கினேன். அடுத்த நொடி அம்மா சிரித்தாள். மறைக்கக் கை இல்லை. தட்டை எறியவும் முடியாது, சொம்பைப் போடவும் முடியாது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வழிய, தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். பூசணிக்காயில் உட்கார்ந்திருந்த அப்பாவும் சிரித்துவிட்டார்.

காமிரா கர்ர்ர் என்றது. திரையைப் பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. மார்கழிக் காலையில் ஆற்றைப் பார்க்கிற மாதிரி ஒரே மூட்டம், அதுவும் மஞ்சளாக. ஒரு மூலையில் குங்குமச் சிவப்பு. நடுவில் யாரோ ஒரு பெண் பிள்ளை சிரிப்பது போல ஒரு சாயல், அவ்வளவுதான். அம்மா வழக்கம்போல வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே விழலியே" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு அப்பாவுக்கு வேறு வேட்டி எடுக்கப் போனாள். அழிக்கச் சொல்லவில்லை.

பிறகுதான் சந்தனத்தைக் கண்டுபிடித்து, ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, மறுபடி மறுபடி எடுத்தேன். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. பூட்டிய உதட்டோடு அம்மா தெளிவாக இருந்தாள்.

மதியம் மாமா வந்தார். பெட்டியைக்கூட வைக்காமல் படம் எங்கே என்று கேட்டார். வெளிச்சத்தில் திரை சரியாகத் தெரியாது என்று இருவரும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். மாடு. ஆற்றில் குதிக்கும் பையன். அவன் கை விரிந்திருப்பதைப் பார்த்து மாமா என் முதுகில் தட்டினார். பூட்டிய உதட்டோடு அம்மா, அம்மா, அம்மா. கடைசியில் அந்த மூட்டம் வந்தது. நான் அவசரமாக அழிக்கப் போனேன். மாமா என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் பார்த்தார். சாப்பிட வரச்சொல்லி அடுப்படியிலிருந்து அம்மா இரண்டு தரம் கூப்பிட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பிடியே இருக்கா" என்றார்.

"மூஞ்சியே தெரியலியே மாமா. சந்தனம் அப்பிக்கிட்டு."

"எனக்குத் தெரியுது ளா."

பக்கவாட்டுக் கதவைத் திறந்து பிளாப்பியை மட்டும் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காமிராவை என்னிடமே கொடுத்துவிட்டார். சாயங்காலம் திருநெல்வேலி ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் அவர் கை அந்தப் பையின் மேலேயே இருந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் பயமும் இருந்தது. அங்கே போய்ப் பெரிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நான் ஏமாற்றியது தெரிந்துவிடும், காமிராவைத் திருப்பிக் கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஏர்மெயில் கடிதம் வரும்போதெல்லாம் காமிராவை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டுத்தான் கடிதத்தைப் பிரிக்கவே விடுவேன். அமெரிக்கா வரைக்கும் போன மனுஷருக்கு ஒரு போட்டோவைப் பார்க்கத் தெரியவில்லையே என்று அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அம்மா எனக்கு அம்மாவாகத்தான் பிறந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல்லைப் பற்றி யாரும் அவளிடம் எதுவும் சொல்வதற்கு முன்னால், வாயை மூடாமல் சிரித்துக்கொண்டு ஒரு தம்பியை இடுப்பில் தூக்கித் திரிந்த பெண் ஒருத்தி இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.