அண்ணி நீக்கிய பதிவுகள்

என் அண்ணி சட்டை தைக்கும் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அவர் வரிசையில் இரண்டு பேர் சண்டை போட்டால், யார்மேல் தப்பு என்று அவர் கேட்பதே இல்லை. இரண்டு மெஷினையும் அணைப்பார். ஒருத்தியை இந்தக் கோடிக்கும் இன்னொருத்தியை அந்தக் கோடிக்கும் அனுப்பிவிட்டுத்தான் மறுபடி சுவிட்சைப் போடுவார்.

"யாரு ஆரம்பிச்சதுன்னு விசாரிக்க உக்காந்தா, காலர் யாரு தைக்கிறது?" என்பார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். அம்மாவும் அண்ணனும் முட்டிக்கொண்டால் அம்மாவிடமிருந்து ரிமோட்டையும் அண்ணனிடமிருந்து போனையும் வாங்கி பிரிட்ஜின் மேல் வைத்துவிடுவார். இருவரும் வேறு வழியில்லாமல் சேர்ந்து அண்ணியைத் திட்டுவார்கள். சண்டை தீர்ந்துவிடும்.

இந்தச் சட்டத்தோடுதான் அண்ணி ஓர் இணையக் குழுவையும் நடத்தினார். வீட்டில் தைப்பவர்கள் மெஷின் மக்கர் பண்ணினால் அதில் கேள்வி போடுவார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். தொழிற்சாலையில் அவரை "சூப்பர்வைசரு" என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுபவர்கள்தான் அதிகம். குழுவில் ஊர் பேர் தெரியாதவர்கள்கூட "மேடம், நீங்க இல்லன்னா என் மெஷின் எடைக்குப் போயிருக்கும்" என்று எழுதுவார்கள். அண்ணி அதைச் சாப்பிடும்போது எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

என்னையும் அட்மின் ஆக்கியிருந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலை இன்னும் வாங்கவில்லை. அண்ணி என்னைக் கூப்பிடுவதே "டிகிரி" என்றுதான். "நீ படிச்சவ, நியாயம் தெரிஞ்சவ" என்றார். நியாயம் எந்த செமஸ்டரில் வந்தது என்று நானும் யோசித்துப் பார்த்தேன்.

குழுவின் உயிர் ஒரு மெக்கானிக். எந்தக் கேள்விக்கும் "முதலில் எண்ணெய் விடுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் எண்ணெய் டப்பா. படம் எடுத்து, அம்புக்குறி போட்டு, பக்கம் பக்கமாக எழுதுவார். அவருக்கு நேர் எதிரி, கத்தரிக்கோல் படம் வைத்திருந்த இன்னொரு மெக்கானிக். இரும்பு மெஷின்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய மின்சார மெஷின் வாங்கச் சொல்பவர். இருவரும் மோதினால் அண்ணி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பதிவுகளை நீக்கிவிடுவார்.

ஒருநாள் எண்ணெய் டப்பாவிடமிருந்து அண்ணிக்குத் தனிச்செய்தி வந்தது. "இன்னொரு முறை என் பதிலை நீக்கினால், இதுவரை எழுதிய அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இவரு போனா அப்புறம் குழுவுல என்ன இருக்கு, டிகிரி? வெறும் குட் மார்னிங்தான்."

நீக்கிய பதிவுகள் கொஞ்ச நாளுக்கு அட்மின்களுக்கு மட்டும் தெரியும்; அந்தப் பட்டியலை நான் தோண்டினேன். எண்ணெய் டப்பா நீளமாக ஒரு பதில் எழுதி முடித்ததும் கத்தரிக்கோல் வந்து ஒரு வசை போடுகிறார். அண்ணி வசையை நீக்குகிறார். சமமாக இருக்க வேண்டுமே என்று பதிலையும் நீக்குகிறார்.

"அண்ணி, அந்த ஆளு வேணும்னே பண்றாரு. தன்னோட ஒரு வரியைக் குடுத்து அவரோட ஒரு பக்கத்தை வாங்கிட்டுப் போறாரு."

"போடி. அவ்வளவு மூளை இருந்தா அவன் ஏன் மெஷின் ரிப்பேர் பண்றான்?" என்றார். ஆனாலும் கத்தரிக்கோலுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கினார்.

அவர் மறுக்கவே இல்லை. "ஆமா மேடம், பண்ணேன். இந்த வித்தையை எனக்கு யாரு கத்துக் குடுத்தா? அந்தப் பெருசுதான். நான் குழுவுக்கு வந்த புதுசுல எத்தனை நல்ல பதில் எழுதினேன்! ஒவ்வொண்ணுக்கும் கீழ 'பிளாஸ்டிக் பொம்மைக்காரன்'னு ஒரு வரி போடுவாரு. நீங்க ரெண்டையும் தூக்குவீங்க. அவருதுல போனது ஒரு வரி, என்னுதுல போனது ஒரு ராத்திரி உழைப்பு. அப்ப ஒருத்தரும் எனக்கு போன் பண்ணல."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தேடினேன். உண்மையா பொய்யா என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. அந்தக் காலத்துச் சண்டைகள் அனைத்தையும் இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்திருந்தார் அண்ணி. எண்ணெய் டப்பாவைக் கேட்டால் "நானா? சத்தியமா இல்ல" என்றார். அவர் குரலும் உண்மை பேசுகிற குரலாகத்தான் இருந்தது. கேட்கும்போது இவர் சரி, யோசித்தால் அவர் சரி. நியாயம் தெரிந்தவள் என்று பெயர் வாங்கிய நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே ஒரு பெண் கேள்வி போட்டாள். மிதி மெஷினுக்கு மோட்டார் மாட்டியதிலிருந்து நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, பள்ளிச் சீருடை ஆர்டர் அப்படியே நிற்கிறது என்று. எண்ணெய் டப்பா படங்களோடு பதில் எழுதினார். கீழே கத்தரிக்கோல்: "இந்தப் பெருசே துருப்பிடிச்சுப் போச்சு. இதுக்கு முதல்ல யாராவது எண்ணெய் விடுங்க."

அண்ணியின் விரல் திரைக்கு மேலே நின்றது. பிறகு போனைக் குப்புறக் கவிழ்த்தார். "இந்தத் தடவை ரெண்டும் இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எண்ணெய் டப்பாவுக்குப் படவில்லை. "அப்படியானால் என்னைத் திட்டியது உங்களுக்குச் சம்மதம்" என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் அவருடைய பதில்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் அவரும் மறைந்தார். அண்ணி அன்று எதையும் படித்துக் காட்டாமல் சாப்பிட்டார். அம்மாவும் அண்ணனும்கூடச் சண்டை போடவில்லை.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். "நேத்து இருந்த பதிலைக் காணோமே, யாராவது சேமிச்சு வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தது கத்தரிக்கோல். ஊசியின் தட்டைப் பக்கம் எங்கே பார்க்க வேண்டும் என்பது வரை எண்ணெய் டப்பாவின் பதில் முழுவதையும், எழுத்து தனியாகப் படம் தனியாக, ஸ்கிரீன்ஷாட்டாகப் போட்டார். அதோடு நிற்கவில்லை. பழைய பதில்களும் வரிசையாக வந்து இறங்கின. எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறார் மனிதர். ஒவ்வொன்றின் மேலும் "பெருசு எழுதினது" என்று மட்டும் போட்டிருந்தார்.

இது மரியாதையா, திருட்டா, இன்னொரு வகைக் கேலியா? எழுதியவரே எடுத்துக்கொண்டு போனதை இன்னொருவர் திருப்பிப் போடலாமா? அண்ணியின் சட்டப்படி சமமாக நீக்க வேண்டும் என்றால் மறுபக்கத்தில் நீக்க என்ன இருக்கிறது?

அண்ணி எண்ணெய் டப்பாவுக்கு போன் போட்டார். அவர் எடுத்ததும், "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, அவன் உங்க பதிலை எல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்மா. என் மருமகன் போன்ல பாத்துட்டேன்." உடனே குரலை உயர்த்தினார். "அந்த ஊசிப் படத்தைத் தலைகீழாப் போட்டிருக்கான். அப்படியே பாத்து மாட்டினா தட்டைப் பக்கம் மாறிப்போகும். நூல் இன்னும் அறும். திருப்பிப் போடச் சொல்லுங்க அந்த மடையனை."

"அப்ப நீங்க திரும்பி வரீங்களாண்ணே?"

"நான் எதுக்கு வரேன்? படத்தைத் திருப்பச் சொல்லுங்க." வைத்துவிட்டார்.

அண்ணி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "டிகிரி, இப்ப இவரு இருக்காரா, போயிட்டாரா?"

எனக்கு அதைவிடப் படம்தான் அவசரமாகப் பட்டது. எங்களால் ஒரு பதிவை நீக்க முடியும், திருத்த முடியாது. படத்தைத் திருப்ப வேண்டும் என்றால் கத்தரிக்கோலிடம்தான் சொல்லியாக வேண்டும். சொன்னது யார் என்று சொல்வதா வேண்டாமா என்று அண்ணியும் நானும் பேசிக்கொண்டே இருந்தோம். அதற்குள் அந்தப் பெண் ஊசியை மாட்டிவிடக் கூடாதே என்று, "கொஞ்சம் பொறுங்க, படம் தலைகீழா இருக்கு" என்று அவள் கேள்விக்குக் கீழே நானே எழுதிவிட்டேன்.