எரியாத சிவப்புத் தாள்

தீக்குச்சியை நீளவாக்கில் பிளந்து, ஒரு பெட்டியை இரண்டு பெட்டியாக்குகிற ஆள் அவர். பொட்டலம் கட்டிய சணலைக்கூட அவிழ்த்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் என்னிடம், "தாள் எரிஞ்சா எரியட்டும் தம்பி, கவலப்படாத" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் வேறு ஆள் மேல் வந்தது.

யுத்த காலம். நான் அடிவாரத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஊரில் ஒற்றை அறையில் படம் பிடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அவர் அடிவாரத்தில் சொந்த நிலம் வைத்து விவசாயம் செய்தவர். மலைமேல் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் ஒரு துண்டு நிலத்தைப் புதிதாக வாங்கியிருந்தார். பக்கத்து நிலம் ஒரு மலைக்காரம்மாவுடையது. சாமையும் மிளகும் போட்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாறை. பாறைக்கு அடியில் ஒரு ஊற்று. ஊற்றுக்கு மேலே பாறையில் மூன்று செங்காவிக் கோடுகள். கோட்டுக்குக் கீழே அவளுக்கு, மேலே மற்றவருக்கு என்று அவள் அப்பன் காலத்தில் போட்ட எல்லை. புதிதாக வாங்கியவர், "கோடுமில்ல கீடுமில்ல, ஊத்து என்னுது" என்று வழக்குப் போட்டார். கோடையில் அந்த ஊற்றை விட்டால் அவளுக்குக் குடிக்கவே தண்ணீர் கிடையாது. மிளகுக்கொடியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கோர்ட்டிலிருந்து மலையேறிப் பார்க்க ஒருவருக்கும் கால் இல்லை. இரண்டு பேர் முன்னிலையிலும் படம் எடுத்துக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார்கள். படத்தில் கோடு இருந்தால் ஊற்று அவளுக்கு. இல்லாவிட்டால் அவருக்கு. படக்காரனைக் கூட்டிவருகிற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அல்லது அவரே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

பாறை முன்னால் துருத்திக்கொண்டிருந்ததால் அடியில் இருட்டு. கண்ணுக்குக் கோடு தெரியும், காமிராவுக்குப் போதாது. மக்னீசியப் பொடியைத் தட்டில் கொட்டிக் கொளுத்தித்தான் எடுக்க வேண்டும். அதற்கு நான் தயார். அவர் இன்னும் இரண்டு சொன்னார். ஒன்று, படம் பதிகிற கண்ணாடி பிளேட்டில் சாதாரண ரகம் வேண்டாம், சிவப்பு வெளிச்சமும் பதிகிற புது பிளேட் கொண்டுவா. இரண்டு, வெளிச்சத்துக்கு முன்னால் இதைப் பிடி என்று ஒரு சிவப்பு ஜெலட்டின் தாளைக் கொடுத்தார். நாடகக் கம்பெனி விளக்குக்குப் போடுகிற தாள்.

"ஈரப் பாறைங்க, வெள்ளை வெளிச்சம் பட்டா கண்ணாடியாட்டம் மின்னும். சிவப்புன்னா மின்னாது" என்றார்.

உழவு ஓட்டுகிறவருக்குப் பிளேட் ரகம் எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று கேட்கவில்லை. பெரிய புத்திசாலி நான். தாளைத் தட்டிலேயே ஒட்டிவிடு, எரிந்தாலும் பரவாயில்லை என்றும் சொன்னார்.

அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு முன் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் முகம் கறுத்து விழக்கூடாதென்று மஞ்சள் தாளைத் தட்டின் மேலேயே கட்டிக் கொளுத்தினேன். தாள் சுருண்டு, உருகி, எரிகிற துண்டாக மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் விழுந்தது. மாமனார் என்னைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அன்று முதல் நான் தாளைத் தட்டோடு சேர்ப்பதில்லை. ஒரு மரச் சட்டம் செய்தேன். இரண்டு கண்ணாடிக்கு நடுவே தாளை இறுக்காமல் வைப்பேன். சட்டத்தைத் தட்டிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி நிறுத்துவேன். மேலேயும் பக்கத்திலும் திறந்தே இருக்கும், சூடும் புகையும் மேலே போய்விடும். பொடியைக் குவிக்காமல் மெலிசாகப் பரப்புவேன். இவ்வளவுதான். தாள் வாடாது.

விடியக் கிளம்பி மூட்டைகளைக் கூலியாளிடம் கொடுத்து மலையேறினோம். வழியில் சோளக்காடு என்கிற ஊரில் கொஞ்சம் இளைப்பாறினோம். மூடுபனியில் ஜெலட்டின் ஈரம் இழுத்துக் குழைந்துவிடும் என்று தாளை என் சட்டைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தேன். உச்சி வெயில் வருகிற நேரத்துக்கு ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அவள் எங்களுக்கு முன்பே பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் களை வெட்டுகிற கொத்து.

"ஏனுங்க படக்காரரே, யாரு சோத்தத் தின்னுட்டு வாரீங்க?"

"என் சோத்தத்தான்" என்றேன்.

"அப்பிடித்தான் சொல்லுவீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோட்டைப் போய்ப் பார்த்தேன். விரலால் தொட்டேன். காவி விரலில் ஒட்டியது. பழைய எல்லை என்கிறாள், நேற்றுப் பூசினது மாதிரி இருக்கிறதே! கள்ளி என்று முடிவு கட்டினேன்.

"இது எப்பப் பூசினது?" என்று விரலைக் காட்டினேன்.

"தையில. வருசா வருசம் பொங்கலுக்குப் பூசுவோம். மழைக்கு நிக்குமா காவி? உங்க ஊட்டுச் சொவத்துக்கு ஒருக்காச் சுண்ணாம்படிச்சா ஆயுசுக்கும் இருக்குதா?"

அவர் பின்னால் நின்று சிரித்தார். நெற்றி நிறைய விபூதிப் பட்டை, நடுவே எட்டணா அகலத்துக்குக் குங்குமம். "கேட்டயா தம்பி, வாயப் பாரு."

நான் வேலையைப் பார்த்தேன். காமிராவை முக்காலியில் நிறுத்தி, தாளைச் செருகிச் சட்டத்தை நட்டு, தட்டில் பொடியைப் பரப்பினேன். அவர் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெதுக்கு இம்புட்டுத் தூரத்துல? ஒட்டி வையி."

"எரிஞ்சுரும்."

"எரியட்டுங்கிறேன்ல?"

"என் வேலைய நான் பாக்கறனுங்க."

காமிரா மூடியைத் திறந்து பொடியைக் கொளுத்தினேன். பாறை ஒரு நொடி ரத்தமாகச் சிவந்தது. புகை மேலே போயிற்று. மூடினேன். சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி லேசான சூடு, தாளில் ஒரு சுருக்கம் கிடையாது. எனக்குப் பெருமை. அவர் முகம்தான் செத்துப்போயிற்று.

"எரியலையா?"

"எரியாதுங்க. நான் வச்ச விதம் அப்பிடி."

"சரி, குடு. நம்ம வேலை முடிஞ்சுது. அந்தத் தாளக் கிழிச்சு நெருப்புல போட்டுட்டுப் போலாம்" என்று சட்டத்தில் கைவைத்தார்.

சணலை மடியில் முடிகிற ஆள்! முழுசாக இருக்கிற தாளை நெருப்பில் போடுகிறாராம். என் கை தானாகச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. அவர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, அவள் கொத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ரெண்டு ஆம்பளையும் எதுக்கு அதுக்கு மல்லுக்கட்டறீங்க? அப்பிடி என்ன இருக்குது அதுல?"

சட்டத்தை எங்கள் இரண்டு பேர் கையிலிருந்தும் பிடுங்கினாள். கண்ணுக்கு நேராகப் பிடித்து அவரைப் பார்த்தாள். சட்டத்தை இறக்கிப் பார்த்தாள். மறுபடி ஏற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க நெத்தியில குங்குமத்தக் காணமே!"

அவள் மெதுவாகப் பாறைப் பக்கம் திரும்பினாள். சட்டத்தை இறக்கி ஏற்றினாள்.

"கோட்டையுங் காணம்" என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். மூன்று கோடுகளும் இல்லை. பாறை மட்டும் இருந்தது, வெறும் பாறை. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு பாறையின் நிறத்தோடு கலந்துவிடும். தாள் எரிந்துபோனால் அதற்குச் சாட்சியும் இருக்காது. இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்தும் அந்தப் பிளேட்டைக் கொண்டுபோய், அந்தத் தாளை எரியாமல் காப்பாற்றி, அவள் ஊற்றை அழித்துப் படமெடுத்திருக்கிறேன். அவள் காவியை முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதித்த நான், என் சட்டைக்குள் இருந்ததைச் சோதிக்கவில்லை.

"இன்னொண்ணு எடுங்க. அது இல்லாம" என்றாள்.

"எடுத்தா உனக்கு இனி நம்ம ஊர்ல வேலையில்ல" என்றார் அவர்.

"மயிரே போச்சு" என்றேன். அப்படியேதான் சொன்னேன். மிச்சப் பொடியை அளக்காமல் கொட்டிக் கொளுத்தியதில் ஒரு பக்கப் புருவம் கருகிற்று. படம் பழுதில்லாமல் விழுந்தது. பாறை மின்னவும் இல்லை.

இறங்கும்போது சட்டத்தைக் கேட்டேன். அவள் முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். படத்த நீங்க மாத்திருவீங்க, இத எப்பிடி மாத்துவீங்க?"

"நாந்தான அத எரியாம வச்சேன்?" என்றேன்.

"அதாஞ் சாமி எனக்கும் புரியல. அவருகூட வந்த ஆளு, எதுக்கு எரியாம வச்சீங்க?"

"என் தொழில் அது" என்றேன். அவள் நம்பவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

இரண்டு பிளேட்டையும் கழுவி, இரண்டு படத்தையும் போட்டு நானே கோர்ட்டில் கொடுத்தேன். ஒன்றில் மூன்று கோடு, ஒன்றில் ஒன்றுமில்லை. எது நிஜம் என்று அவர் வக்கீல் கத்தினார். அவள் மலையிறங்கி வந்து, முந்தானையைப் பிரித்துச் சட்டத்தை எடுத்தாள். ஜட்ஜிடம் நீட்டி, "இதுல அவரு நெத்தியப் பாருங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கு அவர் வெறும் விபூதியோடு வந்திருந்தார்.

"ஏனுங்க, இன்னிக்குத் தாளு இல்லாமயே காணமே!"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. சிவப்பு மசியில் தான் எழுதியிருந்த ஒரு காகிதத்தை எடுத்துச் சட்டத்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். பிறகு அவருடைய வக்கீலையும் பார்க்கச் சொன்னார். வக்கீல் பார்த்துவிட்டு வந்து, கட்சிக்காரர் காதில் என்னவோ சொன்னார். மத்தியானத்துக்குள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

வாசலில் அவளிடம் மறுபடி சட்டத்தைக் கேட்டேன். தொழிலுக்கு அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

"அவரு நெலத்த விக்கற வரைக்கும் இது எங்கூட்டுலதான் இருக்கும்" என்றாள். "அப்பறமா வாங்க."

அவர் விற்கவேயில்லை.