தாயின் பேருக்கு ஒரு கட்டம்

விசைப்பலகைக்கு மேல் ஒரு பச்சைத் துணி. சத்திரசிகிச்சைக் கூடத்தில் பழசாகி ஒதுங்கிய துணியை வெட்டி, ஓரம் மடித்து, தாதியர் தலைவியான எங்கள் மேட்ரன் தன் கையால் தைத்தது. கல்முனைக் கடற்காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து எழுத்துகளுக்கிடையில் விதைத்துவிடும் என்று அவருக்குக் கவலை. காலையில் அவர் அதைத் தூக்கும்போது, தொட்டில் சேலையை விலக்கி உறங்கும் பிள்ளையைப் பார்ப்பவர் போலிருப்பார். அந்தப் பிள்ளைக்குப் பயந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள்.

ஆஸ்பத்திரியின் நோயாளர் பதிவுப் பகுதியில் நான் இலிகிதராக இருந்த காலம் அது. அட்டைகள் போய்த் திரை வந்தது. பெயர், ஊர், வயது என்று கேட்டது. எங்கள் கரையோர ஊர்களில் 'பாத்திமா' என்று தட்டிப் பாருங்கள். கரைவலை இழுத்தது போலத் திரை நிறைந்து துள்ளும். வயதைக் கேட்டால், "சூறாவளி அடிச்ச வருசம் எனக்குப் பல்லு விழுந்திச்சி, நீங்களே பாத்துப் போடுங்க" என்பார்கள். சொறிக்கல்முனையிலிருந்து வரும் மேரிகளிடமும் இதே கதைதான். "வந்த பெட்டிக்குள்ளயே வச்சிக் கட்டி அனுப்புங்க மிஸ்" என்று மேட்ரனிடம் நச்சரித்தோம்.

அவர் கல்முனைக் கிறிஸ்தவத் தமிழர். எங்கள் நச்சரிப்பைக் காதில் போடாமல், கணினியைப் பொருத்த வந்திருந்த கொழும்பு இளைஞரிடம் போனார். "தம்பி, இதில தாய்ட பேருக்கு ஒரு கட்டம் வேணும்."

"தகப்பன் பேர்ட முதலெழுத்து இருக்கே மேடம்?"

"இந்தப் பக்கத்தில ஆளை விசாரிக்கிறது தாயால. குடி தாய்வழி, வீடும் தாய்வழி. தமிழாக்களும் அப்படித்தான், முஸ்லிமாக்களும் அப்படித்தான்."

இளைஞர் வியந்துபோய்க் கட்டத்தைத் திறந்து கொடுத்தார். வருகிறவர்களிடம் தாயின் பேரைக் கேட்டும், அவர்களுடைய பழைய அட்டைகளிலிருந்து ஒத்துக்கொள்ளாத மருந்துகளை எடுத்தும் ஏற்றத் தொடங்கினோம். பட்ட பாடு கொஞ்சமல்ல. "இருமலுக்கு மருந்தெடுக்க வந்தா உம்மாவ விசாரிக்கிறீங்க. என்னகா, மாப்பிள்ள கேட்டு வரப்போறீங்களா?" என்றார் நிந்தவூர்ப் பெரியவர் ஒருவர். மேட்ரன் முகம் மாறாமல், அண்ணனை அழைக்கும் ஊர் முறையில், "ஓம் காக்கா, முதல்ல இருமல நிப்பாட்டுவம், மத்தத பிறகு கதைப்பம்" என்றார்.

பிறகொரு நாள், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தபோது, நினைவில்லாத ஒரு பெண்ணை முச்சக்கரவண்டியில் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் கொதித்தது. கூட வந்தவர் அவருடைய மாமி, கணவனின் தாய். "முந்தி ஒரு ஊசி போட்டு மூச்சடச்சிக் கிடந்தவ. எந்த ஊசி எண்டு தெரியாதே அல்லாஹ்வே!" கணவன் கட்டாரில், தாய் உம்றாப் பயணத்தில், இரண்டு கைபேசிகளும் பதில் தரவில்லை. எதைப் போடுவதென்று தெரியாமல் டொக்டர் நின்றார். தவறானதைப் போட்டாலும் உயிர் போகும், ஒன்றும் போடாவிட்டாலும் தாங்காது.

பெயர் பாத்திமா. தட்டினேன். அதே ஊரில், அதே வயதை ஒட்டி, பாத்திமா, பாத்திமா, பாத்திமா. சிலருக்குப் பக்கத்தில் ஒத்துக்கொள்ளாத மருந்தைக் காட்டும் சிவப்பு வரி; ஒவ்வொன்றிலும் வேறு வேறு மருந்து. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். முதுகுக்குப் பின்னால் மேட்ரனின் குரல், அமைதியாக: "மாமி, மருமகள்ட உம்மாட பேர் என்ன?"

அழுதுகொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "ஆரு, எங்கட சம்மந்தியா? அவட பேர நான் மவுத்தானாலும் மறப்பனா? சீதன வூட்டுக்குக் கதவு போடாம ரெண்டு வருச நோன்பு கடத்தினவ! ஹவ்வா உம்மா!"

அந்தப் பேரைக் கட்டத்தில் இட்டேன். திரையில் நின்ற கூட்டம் அப்படியே விலகியது. ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். அவளருகே சிவப்பில், பென்சிலின். ஒருநாளும் ஓடிக் கண்டிராத மேட்ரன் டொக்டரிடம் ஓடினார். டொக்டர் வேறு மருந்து போட்டார். பின்னேரம் மருமகள் கண்திறந்தபோது மாமி சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது: "அந்தக் கதவுதான்கா உன்னக் காப்பாத்தின!"

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. எங்கேயோ யாரோ செய்த கண்ணாடிப் பெட்டி. அதற்குள், ஈன்றவளின் பேரைச் சொன்னதும் திறக்கும் ஒரு வாசல். முஸ்லிம்களான எங்களில் பலரை அடக்கிய பின், கபுறுக் குழியடியில் தல்கீன் உபதேசம் ஓதும்போது, மையித்தைத் தாயின் பேரோடு சேர்த்துத்தான் அழைப்பார்கள். மண்ணுக்குள் போனவருக்கான அந்த விளிப்பை, உயிருக்குப் போராடிய ஒருத்திக்காக ஆஸ்பத்திரி மேசைக்கு எடுத்து வந்த மேட்ரன், தல்கீனைக் கேட்டிருப்பாரோ என்னவோ. ஒருநாள் அவரிடம் அதைச் சொன்னேன். அவர் பச்சைத் துணியை எடுத்து விசைப்பலகையை மூடினார். வேதப் புத்தகத்தை மூடும் மென்மையோடு.

மேட்ரன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நானும் வேறு அலுவலகத்துக்கு மாறிவிட்டேன். போன மாதம் இரத்த அழுத்த கிளினிக்குக்குப் போனேன், வரிசையில் நின்றேன். பதிவு மேசையில் புதிதாக ஒரு பெண்பிள்ளை. வெளுத்து நூல் பிரிந்த அந்தப் பச்சைத் துணியைத் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "உம்மாட பேர்?"

என் உம்மா மவுத்தாகிய பின், அவர் பேரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொன்னேன். அவள் தட்டினாள். திரையில் என் பேரைக்கொண்ட அத்தனை ஆண்களும் விலகிப் போயிருக்க வேண்டும்.

"ஓம்," என்றாள் நிமிர்ந்து. "இரிக்கிறீங்க."