மஞ்சள் கோடு போட்ட டிராக்டர் பட்டறை

கல்யாணத்துக்கு முன் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். எந்தப் பொருளும் தேடாமல் கைக்கு வர வேண்டும், வேண்டாதது வழியில் கிடக்கக்கூடாது என்று அங்கே பழகியவள். சாக்கோட்டைப் பக்கம் என் கணவரின் டிராக்டர் பட்டறைக்குள் முதல் தடவை நுழைந்தபோது, "பதினேழாம் நம்பர் ஸ்பேனர எங்கடா வச்ச?" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். அவரிடம் வேலை பார்க்கும் மெக்கானிக் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் என் கணவரின் பின் பாக்கெட்டில் இருந்தது.

இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். என்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பாதிப் பொழுது தேடுவதில் போனது.

அடுத்த அமாவாசைக்குப் பட்டறை லீவு. உள்ளே இருந்த அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டோம். எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்க ஆரம்பித்ததும் என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்த பேரிங்க எதுக்கு அங்குட்டுப் போடுற? என்னைக்காவது ஒதவும்."

"கடைசியா எப்ப எடுத்தீக?"

அவர் பேரிங்கைத் துடைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் விட மனமில்லாதவற்றில் எல்லாம் சிவப்புத் துணி கட்டிப் பின்னால் அடுக்கினேன். அறுவடை முடியும்வரை தொடாமல் கிடந்தால் பழைய இரும்புக்குப் போகும் என்பது ஒப்பந்தம். பிறகு சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதன் இடத்தில் வரைந்தேன். டிராக்டர் நிற்கும் இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு; அதற்குள் வேறு எதுவும் கிடக்கக்கூடாது.

மறுநாள் வந்த மெக்கானிக் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன அண்ணி, பட்டறைக்குள்ள கோலம் போட்டுட்டீக?"

இருவரும் சிரித்தார்களே தவிர, முதல் வாரம் ஸ்பேனர்கள் பழையபடி தரையில்தான் கிடந்தன. நான் கோபப்படவில்லை. தினமும் சாயந்திரம் கடை அடைக்கும் முன் மூவருமாக எடுத்து மாட்டினோம். வெறுமையாக நிற்கும் உருவத்தைப் பார்த்தாலே எது காணவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நாளில் அவர்களே மாட்ட ஆரம்பித்தார்கள்.

அறுவடை சமயம். ஒரு மதியம், எங்களிடம் வழக்கமாக டிராக்டரைப் பழுதுபார்க்க விடும் விவசாயி அம்மா மூச்சிரைக்க வந்தார்.

"தம்பி, வண்டி கம்மாக் கரையில நின்னுபோச்சு. பேன் பெல்ட்டு அத்துக்கிருச்சு. டிரெய்லர் முழுக்க நெல்லு. மேகம் வேற இருட்டுது."

முன்பெல்லாம் வெளி வேலை என்றால், என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு மறந்த சாமானுக்குத் திரும்பி வருவார். இப்போது வெளி வேலைக்கென்று ஒரு பை, எல்லாம் நிரப்பி வாசலருகே தொங்கியது. அந்த வண்டிக்கான பெல்ட்டும் வண்டிப் பேர் எழுதி அடித்த ஆணியில் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் பைக்கில் ஏறினேன்.

அவர் கை நீட்ட நீட்ட நான் எடுத்துக் கொடுத்தேன். பெல்ட் மாட்டி, இறுக்கம் சரிபார்த்து, வண்டியைக் கிளப்பினார். நெல் அந்த அம்மா வீட்டுக் கொட்டகைக்குள் போன பிறகுதான் மழை இறங்கியது. நனைந்துகொண்டே வீடு வந்தோம். வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்: "பைக்குள்ள ஒரு டார்ச்சும் போட்டு வையி."

அதைவிடச் சந்தோஷமான பாராட்டு ஓசூரில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலை, கிரீஸ் அடிக்கும் கன்னுக்கு நான் வரைந்த உருவம் அழிக்கப்பட்டு, டிராக்டரின் மறுபக்கச் சுவரில் புதிதாக வரையப்பட்டிருந்தது. ஒரு நொடி சுருக்கென்றது.

"குனிஞ்ச எடத்துல இருந்தே எட்டுது பாரு," என்றார் என் கணவர்.

குனிந்து பார்த்தேன். எட்டியது. அன்றிலிருந்து யாருக்கு என்ன தோன்றினாலும் முதலில் சாக்பீஸ் கோடு; ஒரு வாரம் வேலை செய்து பார்த்து, சரிப்பட்டால்தான் பெயிண்ட். இப்போது ஆயில் டிரம்மை ஜன்னல் பக்கம் தள்ள வேண்டும் என்கிறார் மெக்கானிக். வெயில் படும் என்பது என் வாதம். சாக்பீஸ் அவர் கையில் இருக்கிறது.