பதினேழாவது வாசலின் மலை

காலை 5.50. இராஜபாளையத்தில் ரயிலை விட்டு இறங்கியதுமே பரபரப்பு தொற்றிக்கொண்டது. ஓவியர் முத்துராஜ் தன் கண்காட்சியைப் பார்க்க எட்டு மணிக்குள் வன்னியம்பட்டிக்கு வரச் சொல்லியிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் இரண்டு டீ குடித்துவிட்டேன். சும்மா நிற்க எனக்கு வராது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட். இடப்பக்கம் மலை, நடுநடுவே பஞ்சு மில்கள். அங்கிருந்து நூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ.

"மலைப் படம் பாக்கவா? எம்பொண்டாட்டியும் வரைஞ்சிருக்கா சார். மாட்டுத் திமிலு மாதிரி வந்திருக்கு" என்று ஆட்டோக்காரர் சிரித்தார்.

8.10. வன்னியம்பட்டி. முத்துராஜ் இயற்கைக் காட்சிகள் வரைபவர். ஆனால் இந்த ஊரில் ஒரு கோடுகூடப் போடவில்லை. இராஜபாளையத்தில் நெய்யும் பேண்டேஜ் துணியை இரண்டடுக்காக ஒட்டி, பசையும் சாக்பொடியும் பூசிக் காயவைத்து, மலை இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்த இருபத்திரண்டு வீடுகளுக்குக் கொடுத்திருந்தார். அவரவர் வாசலில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைய வேண்டும். மனசிலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றையும் வரிசையாகத் தைத்துப் பள்ளிக்கூட ஹாலில் தொங்கவிடுவதுதான் இன்றைய வேலை. துணி தந்த பேண்டேஜ் ஆலை முதலாளி பத்து மணிக்கு வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு.

ஹாலுக்குப் போனால், அங்கே சண்டை! பதினேழாவது துணியில் மலையே இல்லை. சாம்பல் நிறச் சுவர், அதன்மேல் நான்கு விரல் வானம். வரைந்தவள் செல்வி. போன வருஷம் அவள் வாசலுக்கு எதிரே அதே முதலாளி குடோன் கட்டிவிட்டார். அவள் வேலை செய்வதும் அவருடைய யூனிட்டில்தான்.

"ஏட்டி, இம்புட்டு மலைக்கு நடுவுல செவத்த நட்டு வச்சிருக்க? மொதலாளி பாத்தா ஒன் வேலை போயிரும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"என் வாசல்ல அதான தெரியுது? அண்ணாச்சி சொன்னதத்தான செஞ்சேன்" என்று முத்துராஜைக் காட்டினாள் செல்வி.

மணி 9.20. முத்துராஜ் ஊசியில் நூலைக் கோப்பதும் உருவுவதுமாக இருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எதையாவது முடிவு பண்ணுங்களேன்!" என்று கத்தியே விட்டேன். அவர் துணியை எடுத்துக்கொண்டு போய்ச் செல்வி வாசலில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சுவர்தான் தெரிந்தது. அதிலிருந்த ஒரு விரிசலைக்கூட அவள் விடவில்லை.

"இத எடுத்தா மத்த இருபத்தொண்ணும் பொய்யாயிரும் சார்" என்றார் முத்துராஜ். திரும்பி வந்து அவரே தைத்தார்.

10.15. முதலாளி ஒவ்வொரு துணியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினேழில் நின்றார். செல்வி முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

"நம்ம குடோனுல்ல இது? மழைத்தண்ணிக் கறை அப்படியே இருக்கே! வெள்ளையடிக்கச் சொல்லி எம்புட்டு நாளாச்சு" என்று அவர் வெட்கப்பட்டார். அடப்பாவி, கவலையெல்லாம் கறைமேல்தானா! பிறகு தாராளமாகச் சொன்னார்: "பெயிண்ட் நான் தாரேன். அந்தச் செவத்துலயே மலைய வரைஞ்சிருவோம். செல்விக்கும் மலை கெடச்ச மாதிரி ஆச்சு."

கூட்டம் கைதட்டியது.

"வேண்டாம் மொதலாளி" என்றாள் செல்வி. "வரைஞ்ச மலையில இருந்து காத்து வருமா?"

கைதட்டல் நின்றுபோனது. முதலாளி துணியில் இருந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். "நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்று மட்டும் செல்வியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

11.40 பஸ்ஸில் திரும்பினேன். சென்னையில் என் ஜன்னலுக்கு எதிரேயும் ஒரு சுவர் இருக்கிறது. பதினொரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஒருநாள்கூட யாரிடமும் கேட்டதில்லை.