அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி

இது என் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சி தப்பு. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

என் மகள் பிறந்த மூன்றாம் மாதத்தில் எனக்குப் பயம் வந்தது. கேஸை மூடினேனா, குழந்தை மூச்சு விடுகிறாளா என்று ஒன்றையே பத்து முறை பார்ப்பேன். நெஞ்சு படபடக்கும். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார். நான்தான் பழைய சீட்டையே காட்டி நான்கு வருடம் வாங்கிப் போட்டேன். மாத்திரைப் பட்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குக்கூடப் போனதில்லை. ஆண்டவரைவிட அந்தப் பட்டையைத்தான் நம்புகிறேனோ என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வருடம் ஜூலையில் மூன்று நாள் உபவாச ஜெபம். கடைசி நாள், சனிக்கிழமை, வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். கணவரிடம்கூடக் கேட்கவில்லை. மறுநாள் சபையில் எழுந்து நின்று, "ஆண்டவர் என்னை விடுதலையாக்கினார், இனி மாத்திரை வேண்டாம்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். விட்டு ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை.

ஆராதனை முடிந்ததும் எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். காத்திவாக்கத்தில் இறால் உரிக்கிறவர். சிறுவயதிலிருந்தே வலிப்பு, அதற்குத் தினமும் மாத்திரை.

"உன் சாட்சிய கேட்டு எனக்கும் தெகிரியம் வந்துச்சு பாப்பா. நானும் வுட்டுறேன். எத்தினி வருசமா முழுங்கிகினு கீறேன்."

"ஜெபிக்கிறேன்க்கா" என்று சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் உடம்பு தூக்கிப்போட்டது. புதன்கிழமை காலை மகளைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவினேன். கையை விட்டேன். சூடு தெரியவில்லை. விரல்கள் மரத்திருந்தன. மறுபடி விட்டேன். மறுபடி. அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு, "அம்மா, குளிருது" என்றாள். அவள்மேல் ஊற்றப் போன சொம்பு என் கையில் ஆடி ஆடித் தரையில் விழுந்தது. பிள்ளையைத் தொடப் பயந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

சாத்தாங்காட்டில் இரும்புக் கடையில் இருந்த கணவர் என் போன் கேட்டு ஓடி வந்தார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"யார் நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டர். ஆண்டவர் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சொல்லவில்லையே, நானாகத்தானே செய்தேன்.

"இத்தனை வருஷம் போட்டதை ஒரே நாள்ல நிறுத்தினா வலிப்பு வரும்மா. உயிருக்கே ஆபத்து. கண்டிப்பா விடலாம், ஆனா மாசக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா."

வலிப்பு. அந்த வார்த்தையில் எனக்கு எஸ்தர் அக்கா முகம் வந்தது. போன் அடித்தேன். எடுக்கவில்லை. கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து எண்ணூர் நெடுஞ்சாலை முழுவதும் ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, நான் தப்பாகச் சொன்னேன். அக்கா அதைக் கேட்டிருக்கக் கூடாது. அந்த மாத்திரையை விட்டிருக்கக் கூடாது."

அக்கா வீடு சாத்தியிருந்தது. தட்டினேன். சத்தமே இல்லை.

"இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது?" பின்னாலிருந்து குரல். இறால் கூடையோடு அக்கா நின்றார்.

"மாத்திரைக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோச்சிக்காத. காலீலகூட போட்டுகினேன். மூணு நாளா குப்பைல போடலாம்னு கைல எடுக்கறேன், மனசு வர்ல. எனக்கு விசுவாசம் பத்தல."

வாசலிலேயே அழுதேன். "உங்களுக்குப் பத்தாம இல்லக்கா. நான்தான் அவசரப்பட்டேன்."

சாப்பாட்டுக்கு முன்னால்கூட ஜெபிக்க மறக்கிற என் கணவர் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒழுங்கா மாத்திரையப் போடுங்க. ஜெபத்த நான் பாத்துக்கறேன்."

அக்காவின் கையை மூன்று நாளும் பிடித்து நிறுத்தியவர் யார் என்று எனக்குத் தெரியும். நான் ஜெபிக்க ஆரம்பிக்கும் முன்பே பதில் கொடுத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் எழுந்து நின்று, போன வாரம் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் எஸ்தர் அக்கா மட்டும் "ஸ்தோத்திரம்" என்றார்.

பிறகு பதினோரு மாதம். டாக்டர் சொன்ன கணக்கில் கணவர் மாத்திரையைப் பிளேடால் நறுக்கித் தருவார். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் பழைய பயம் வந்து என்னை ஆட்டியது. இரண்டு முறை குறைக்காமல் அங்கேயே நிற்கச் சொன்னார் டாக்டர். அது தோல்வி என்று அழுதேன், தோல்வி இல்லை. இந்த ஜூனில் கடைசித் துண்டு முடிந்தது. மறுபடி அவசரப்படக் கூடாதென்று மூன்று மாதம் காத்திருந்து எழுதுகிறேன். பயம் இன்னும் வரும், போகும்.

என்னைப்போல் மாத்திரைப் பட்டையை மறைத்து வைத்துக்கொண்டு ஜெபிக்கிறவர் இதைப் படித்தால், தயவுசெய்து நாளைக்கே தூக்கி எறியாதீர்கள். டாக்டரிடம் போங்கள். போகும் வழியெல்லாம் ஜெபியுங்கள். அங்கேயும் ஆண்டவர் இருப்பார், நம்புங்கள்.

இன்று காலை மகளுக்கு வெந்நீர் விளாவி விரலை விட்டேன். சூடு தெரிந்தது. ஒரே முறைதான் விட்டேன்.